சக எழுத்தாளரின் கதையைச் செம்மைப்படுத்த உதவுவது எப்படி?

சிங்கப்பூரில் தமிழில் கதை எழுதுபவர்களில் பெரும்பாலோர் வேறொரு வேலையில் இருந்துகொண்டு இரவிலும் வார இறுதியிலும் எழுதுகிறவர்கள். அவர்கள் கதையை அச்சுக்குப் போகும் முன் பொறுமையாகப் படித்துக் கருத்துச் சொல்பவர் பெரும்பாலும் இன்னோர் எழுத்தாளராகவே இருக்கிறார். அந்த இடத்தில் நாம் இருக்கும்போது, நாம் எழுதியிருந்தால் இந்தக் கதை எப்படி இருக்கும் என்ற எண்ணத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, எழுதியவரின் குரலிலேயே அது மேலும் நன்றாக அமைய என்ன வேண்டும் என்பதை மட்டும் தேட வேண்டும்.

பிரதியை வாங்கும்போதே அது எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டிக்கு அனுப்ப இன்னும் சில நாள்களே இருக்கும் கதைக்கு, அமைப்பையே மாற்றச் சொல்லும் யோசனையால் பயனில்லை. எழுதியவரின் தூக்கம்தான் கெடும். இன்னும் முடிவு பிடிபடாத முதல் வரைவுக்கோ ஒற்றுப் பிழை திருத்துவது வீண் வேலை, ஏனெனில் அந்தப் பத்தியே அடுத்த வரைவில் இல்லாமல் போகலாம். அவருக்கே ஐயமுள்ள இடம் எது என்பதையும் கேட்டுவையுங்கள்.

முதல் வாசிப்பில் எதையும் திருத்தாதீர்கள். இரண்டாம் வாசிப்பில், எங்கே நின்றீர்கள், எந்த வரியைத் திரும்பப் படித்தீர்கள், எங்கே தாண்டிப் போக நினைத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாராட்டையும் இதே நுணுக்கத்தோடு எழுத வேண்டும். “கதை அருமை” என்பதைவிட, “தாத்தா மருந்துப் பெட்டியை மூடாமலே எழுந்து போகும் வரியில்தான் அவருடைய மறதி எனக்கு உறைத்தது” என்று எழுதுவது பல மடங்கு உதவும். எது வேலை செய்கிறது என்று தெரியாத எழுத்தாளர், அடுத்த வரைவில் அந்த வரியையே வெட்டிவிடக்கூடும்.

வாக்கிய அளவில், தமிழுக்கே உரிய சில இடங்களைக் கவனித்துப் பாருங்கள். “முத்து கதவைத் திறந்து, காலணியைக் கழற்றி, விளக்கைப் போட்டு, அம்மாவின் படத்தைப் பார்த்து அழுதான்” என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வினையெச்சங்கள் வரிசையாக வந்து, காலணி கழற்றுவதும் அழுவதும் ஒரே எடையோடு நிற்கின்றன. இங்கே நீங்களே மாற்றி எழுதிக் கொடுக்காமல், “அழுகைக்குத் தனி வாக்கியம் வேண்டுமா, அல்லது இந்த அவசரம்தான் நீங்கள் விரும்பியதா?” என்று கேட்டால், தேர்வு அவரிடமே இருக்கும். மரியாதை விகுதியும் அப்படித்தான். மருமகளின் பார்வையில் செல்லும் கதையில் மாமியார் “வந்தார்” என்று இருந்து, நடுவில் “வந்தாள்” என்று மாறினால், பார்வைக்கோணம் கைநழுவியிருக்கலாம். மருமகளின் மனத்தில் கசப்பு ஏறியதை எழுத்தாளர் வேண்டுமென்றே காட்டியிருக்கவும் கூடும். கேட்காமல் திருத்தினால், கதையின் மிக நுட்பமான இடத்தை நாமே அழித்தவர்களாவோம்.

உரையாடலில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். தோ பாயோவில் ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வாழும் மூன்று தலைமுறையினர் ஒரே தமிழைப் பேசுவதில்லை. பாட்டி “பசியாறிட்டியா?” என்று கேட்பார், பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போய் வருவார்; பேரப்பிள்ளை பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்வான்; கீழ்த்தளத்தில் வேலை செய்யும் புதுக்கோட்டை இளைஞரின் பேச்சு வேறாக இருக்கும். “பசியாறிட்டியா” என்பதைச் “சாப்பிட்டியா” என்று மாற்றுவது திருத்தம் ஆகாது. அது அந்தப் பாட்டியை வேறு ஊருக்குக் குடிபெயர்த்துவிடும். தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாதே என்று எழுத்தாளர் தயங்கினால், அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதச் சொல்லாதீர்கள். பாட்டி கேட்டபடியே தோசைத் தட்டை நகர்த்தி வைத்தால் பொருள் தானாக விளங்கிவிடும் என்று எடுத்துக்காட்டுங்கள். அதே வேளையில், எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரி பேசினால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு உரையாடலை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பார்க்குமாறு கேட்பது, என் அனுபவத்தில், நீண்ட விளக்கங்களைவிட நன்றாகப் பலன் தருகிறது.

காலமும் இடமும் பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பது எழுத்தாளருக்குப் பெரிய உதவி. 1985-ல் நடக்கும் கதையில் நாயகி எம்ஆர்டி எனும் பெருவிரைவு ரயிலில் ஏற முடியாது. முதல் ரயில் 1987 நவம்பரில்தான் இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவிற்கும் இடையே ஓடத் தொடங்கியது. லிட்டில் இந்தியா நிலையம் 2003-ல் வடகிழக்குப் பாதையோடு திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய காலத்தில், அந்த வட்டாரமான தேக்காவில் நடக்கும் கதைகளில் பேருந்துதான் பொருந்தும். ஐயம் வந்தால் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கப் பழைய நாளிதழ்த் தொகுப்பில் தேடிப் பார்த்து, கிடைத்த செய்தியையும் குறிப்போடு சேர்த்து அனுப்புங்கள்.

ஒற்று, ளகர லகரப் பிழை, நிறுத்தக்குறி ஆகியவற்றைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். பக்கம் முழுதும் சிவப்பாகத் திரும்பி வரும் முதல் வரைவு, புதிதாக எழுத வந்த ஒருவரை எழுத்திலிருந்தே விலக்கிவிடக்கூடும் என்பது என் உறுதியான எண்ணம். கோப்பிலேயே நேரடியாக மாற்றாமல், கூகுள் டாக்ஸின் பரிந்துரை முறையில் குறித்தால் மூலவரி அழியாமல் இருக்கும். ஒவ்வொன்றையும் ஏற்பதும் விடுவதும் அவர் கையில் இருக்கும். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு இடங்களில் மட்டும் விளக்கிவிட்டு, மற்றவற்றை அவரே கண்டுபிடிக்க விடுங்கள்.

குறிப்புகளை அனுப்பும்போது, கதையை முழுமையாகப் பாதிக்கும் இரண்டு மூன்று கேள்விகளை மேலே தனியாக எழுதி, சிறியவற்றை ஓரக் குறிப்புகளாக விட்டுவிடுங்கள். அடுத்த வரைவு வரும்போது பழைய குறிப்புகளைத் திறக்காமல் முதலில் கதையைப் படியுங்கள். நீங்கள் சொன்னதை ஏற்காமலே அந்த இடம் சரியாகியிருந்தால் அதை அவருக்குச் சொல்லுங்கள். இன்னமும் அதே வரியில் நீங்கள் நின்றால், வேறு சொற்களில் ஒருமுறை மட்டும் கேளுங்கள், அதற்குப் பிறகு முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள். கதை வெளிவரும் வரை அதன் கருவை வேறு எவரிடமும் பேசாதீர்கள்.