மட்டக்களப்பு மண்ணில் அழகுச் சாமான் செய்து பிழைக்க நினைப்பவர்களுக்கு

முதலில் குயவர் சக்கரம் வாங்க வேண்டாம். யாராவது வந்து "அக்கா, நானும் மண் வேலை தொடங்கப் போறன், எந்தச் சக்கரம் நல்லது" என்று கேட்டால் நான் சொல்கிற முதல் பதில் இதுதான். சுவரில் தொங்கும் தட்டு, விளக்குக் கூடு, செடிச்சாடி, மேசையில் வைக்கும் கிண்ணம் என்று வீட்டை வடிவாக்கும் சாமான்களில் பாதிக்கு மேல் கையாலேயே செய்யலாம். மண்ணைத் தகடாக உருட்டி வெட்டி ஒட்டப் பழகுங்கள், திரியாக உருட்டிச் சுற்றிக் கட்டப் பழகுங்கள், முதல் இரண்டு வருடத்துக்கு அது போதும். "சட்டி முட்டி செய்யவா புள்ள உன்னைப் படிப்பிச்ச?" என்று வீட்டில் கேட்பார்கள். எங்கள் அம்மாவும் கேட்டார். பதில் சொல்லி நேரத்தைக் கழிக்காமல் மண்ணைப் பிசையுங்கள்.

மண்ணை எங்கே எடுப்பது? மண்வெட்டியோடு குளக்கட்டுக்குப் போய்விடாதீர்கள், வியாபாரத்துக்கு மண் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். பரம்பரையாகச் சட்டி பானை செய்கிறவர்களிடம் விலைக்கு வாங்குவது லேசு, கூடவே அவர்களின் கைப்பழக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது ஒரு பிடியை நனைத்து பென்சில் தடிப்பில் திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்ல மண். வெடித்தால் மணல் அதிகம், பசை குறைவு என்று அர்த்தம்.

ஆனால் எங்கள் பக்கத்து மண்ணில் விரலுக்குத் தெரியாத ஒரு வில்லங்கம் இருக்கிறது, சிப்பி. வாவிக்கும் கடலுக்கும் கிட்ட எடுத்த மண்ணில் நொறுங்கிய சிப்பித் துண்டுகள் கலந்திருக்கும். நான் மண்ணைக் கரைத்து நுளம்பு வலையில் மட்டும் வடித்துக்கொண்டிருந்த காலத்தில், பாசிக்குடாப் பக்கம் ஒரு விடுதிக்கு இருபத்திநான்கு விளக்குக் கூடு செய்து கொடுத்தேன். காசும் வந்தது, படமும் எடுத்துப் போட்டேன். ஒன்பதாம் நாள் விடுதிக்காரர் போன் எடுத்தார்: "தங்கச்சி, உங்கட விளக்குக்கெல்லாம் அம்மாள் வருத்தம் வந்த மாதிரிக் கிடக்கு." போய்ப் பார்த்தால் உண்மைதான், ஒவ்வொன்றிலும் உளுந்தளவில் செதில் கழன்று, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. சிப்பி சூளையில் நீறிச் சுண்ணாம்பாகிவிடும், வெளியே எடுத்த பிறகு காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பருத்து மண்ணைத் தள்ளிவிடும். அதே மண்ணைக் குயவர் மாமாவின் சூளையில் சுட்டபோது ஒன்றும் நடக்கவில்லையே என்று எனக்கு ஒரே குழப்பம். பிறகுதான் விளங்கியது: அவருடைய விறகுச் சூளை அதிகம் சூடேறுவதில்லை, அந்தச் சூட்டில் சிப்பி சிப்பியாகவே இருந்துவிடும், நான் மின்சூளையில் 1000 பாகை செல்சியஸுக்கு ஏற்றியிருந்தேன். இருபத்திநான்கையும் திரும்ப எடுத்துப் புதிதாகச் செய்து கொடுத்தேன், அந்த மாதம் வருமானம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே, மண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரையுங்கள், முதலில் நுளம்பு வலை, பிறகு மா அரிக்கிற மெல்லிய அரிதட்டு, இரண்டிலும் வடித்து, தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டுத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். தெளிந்த தண்ணீரை இரண்டு தரம் மாற்றினால் உப்பும் குறையும், இல்லாவிட்டால் சுட்ட பிறகு மேலே வெள்ளை பூக்கும்.

ஒவ்வொரு புது மண்ணிலும் ஒரு சின்னத் தகடு செய்து அதில் சரியாக 10 சென்டிமீற்றர் கோடு கீறிச் சுட்டுப் பாருங்கள். கோடு 9 ஆகச் சுருங்கினால் உங்கள் மண் பத்தில் ஒன்று சுருங்குகிறது. மூடி, விளக்குப் பிடி, குழாய் நுழைகிற துளை எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் பெரிதாகச் செய்ய வேண்டும். இது தெரியாமல்தான் பல பேரின் மின்விளக்குக் கூட்டுக்குள் பல்ப் நுழைவதில்லை.

அடுத்தது காயவைத்தல். என் அனுபவத்தில் சூளையில் உடைவதைவிடக் காயும்போது போவதுதான் அதிகம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் முற்றத்தில் வைத்தால் காற்றுப் பட்ட பக்கம் மட்டும் கெதியாகக் காய்ந்து, வளைந்து, ஒட்டிய இடம் வெடித்துவிடும். வீட்டுக்குள்ளே நிழலில் வைத்து, விளிம்பைப் பொலித்தீனால் மூடி, நாளுக்கு ஒரு தரம் திருப்பி வையுங்கள். பாதி காய்ந்து தோல் போல விறைத்த பதத்தில் இருக்கும்போது வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு இல்லாமலே பளபளப்பு வரும், சுடும்போது உமிப் புகையில் மூடி வைத்தால் கறுப்பும் வரும். அம்பாறையில் உமிக்குக் குறைவில்லை. காய்ந்துவிட்டதா என்று அறிய கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, அதைச் சூளையில் வைத்தால் நீராவியாகி வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும்.

தொடக்கத்தில் சொந்தச் சூளை வேண்டாம், குயவரின் சூளையில் ஒரு மூலைக்குக் கூலி கொடுங்கள். பிறகு மின்சூளை வாங்குவதானால் முதலில் வீட்டு வயரிங்கை ஒருவரிடம் காட்டுங்கள். 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்கிற மணல் துகள் சட்டென்று உருமாறிப் பருமன் மாறும், சாமான் வெடிக்கலாம், ஆகவே அந்த இடத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் நிதானம். சூளையை 100 பாகைக்குக் கீழே வரும் வரை திறக்க வேண்டாம், ஆசை தாங்காமல் எட்டிப் பார்த்து நான் உடைத்தவை கொஞ்சமல்ல. இந்தச் செம்மண் சாமானில் தண்ணீர் கசியும், பூச்சாடி என்று விற்றால் வாங்கியவரின் மேசை ஊறிப்போகும். உள்ளே கண்ணாடிக் குவளை வைத்துக் கொடுங்கள், அல்லது காய்ந்த பூவுக்கு மட்டும் என்று சொல்லி விற்பது நல்லது.

விலை போடும்போது எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று. சூளைக்குள் 40 வைத்தீர்கள், மண், விறகு, ஏற்றிறக்கக் கூலி எல்லாமாக 12,000 ரூபா செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 300 என்று நினைப்பீர்கள். நல்லதாக வெளியே வந்தவை 30 என்றால் அடக்கவிலை 400. அதற்கு மேல்தான் உங்கள் நாள்கூலி, பிறகு கடைக்காரரின் பங்கு. "வித்துப்போட்டுக் காசு தாறன்" என்கிற கடைக்கு ஐந்து சாமானுக்கு மேல் கொடுக்காதீர்கள், கொடுத்ததை எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். அண்ணன் தம்பி முறை சொல்லிக் கதைத்தாலும் எழுதுங்கள். தொழில் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். தேசிய அருங்கலைகள் பேரவையிலும் கைவினைஞராகப் பதிந்து வையுங்கள்.

எதைச் செய்வது? மட்டக்களப்பின் அடையாளமான பாடும் மீனை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. எல்லோர் சுவரிலும் அது நீந்துகிறது. தயிர் முட்டியின் வயிறு, தோணியின் வளைவு, கண்ணகி அம்மன் கோயில் கும்பம், இவற்றின் வடிவத்தை எடுத்துச் சுருக்குங்கள். மருதமுனை நெசவுத் துணியோடு ஒரு கிண்ணத்தைச் சேர்த்து வைத்தபோது என் கிண்ணம் இரு மடங்கு விலைக்குப் போனது. கடலலையில் சறுக்கி விளையாட அறுகம்பேக்கு வருகிற வெள்ளைக்காரர் அலைப்பலகையையே தூக்கித் திரிகிறார், அவருக்கு உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமானாகச் செய்யுங்கள். பொதி கட்ட வைக்கோலும் இரண்டு பெட்டியும் போதும், கட்டிய பிறகு குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

அறுகம்பேயில் ஆட்கள் கூடுவது மே மாதமளவில், ஆகவே மாசி, பங்குனி, சித்திரைக்குள் சுட்டு அடுக்கிவிட வேண்டும். கார்த்திகை, மார்கழி மாரியில் ஒன்றும் காயாது, சூளை விறகும் நனைந்திருக்கும். அப்போது வடிவம் கீறுங்கள், கணக்குப் பாருங்கள், மண்ணை வாளியில் ஊறப் போடுங்கள். ஊற ஊற அது நாறும். நாறினால்தான் நன்றாக வளையும், பக்கத்து வீட்டு மாமியிடம் இதை முதலே சொல்லிவிடுங்கள். வாளியையும் இறுக்கி மூடுங்கள், இல்லாவிட்டால் தவளை குடியேறிவிடும்.