மொட்டை மாடியில் ஊமைப் படம் போட

வேலூர் வெயிலில் தரை சீக்கிரம் ஆறாது. ஐந்து மணிக்கே நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். திரைக்கு எட்டு முழ வேட்டி போதும்.

நான் போட்டது அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் 1921 படம், 'ஆர்ஃபன்ஸ் ஆஃப் தி ஸ்டார்ம்'. பிரெஞ்சுப் புரட்சிக் காலம். கண் தெரியாத லூயிஸ் என்ற பெண்ணைப் பிடித்துவைத்துப் பிச்சையெடுக்க விடுகிறாள் ஒரு கிழவி. வசனத்தை எழுதிக் காட்டும் எழுத்து அட்டை வரும்போதெல்லாம் ஒருவர் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். முதல் நாளே பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதாமல் உளறினேன், பக்கத்து வீட்டு ஆயா, "இதுல யாருடா குருடு?" என்று மூன்று தடவை கேட்டார்.

புரட்சி வெடித்தது 1789-இல் என்றால் பிள்ளைகள் விழிப்பார்கள். நம் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806-க்கு 17 வருஷம் முன்னால் என்று சொல்லுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அப்புறம், படம் இரண்டரை மணி நேரம். பாதியில் சுண்டல் கொடுங்கள்.