ஜப்பானியக் கோயில்களில் படமெடுக்கப் போகிறவர்களுக்கு, தக்கலையிலிருந்து

"ஜப்பான் போகிறேன் அண்ணாச்சி, எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்பதைத்தான். கியோட்டோவில் ஜூன் மாதம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். டிசம்பரிலோ விடிய ஏழு மணியாகும். மாலை ஐந்துக்குள் பொழுது சாய்ந்துவிடும். வருடம் முழுவதும் ஆறுக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் விடிந்து பழகிய குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடாது. பயணத் தேதி முடிவானதும் சூரிய உதய நேரத்தையும் ஒவ்வொரு கோயிலும் நடை திறக்கும் நேரத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஃபுஷிமி இனாரிக்கு இரவு பகல் இல்லை, எப்போதும் திறந்திருக்கும், கட்டணமும் கிடையாது. கியோமிசு தேரா காலை 6 மணிக்குத் திறக்கும். கின்காகுஜி என்ற தங்கக் கோயில் 9 மணிக்கு. இந்த வரிசையில் போனாலே பாதி வேலை முடிந்தது. லென்ஸ் பேச்சு அதற்குப் பிறகு.

நான் கல்யாண ஆல்பமும் கோயில் கொடையும் எடுத்துப் பிழைக்கிறவன். மகள் ஓசாகாவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போகிற சாக்கில் கியோட்டோ, நாரா, இசே என்று சுற்றுவேன். இங்கே சொல்வதெல்லாம் அப்படிச் சுற்றியதில் தெரிந்துகொண்டவை.

புறப்படும் முன் ஒத்திகை பார்க்க நமக்கு வாய்த்தது போன்ற இடம் வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை, கேமராவுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். ஜப்பானியக் கோயில் மண்டபங்களில் உங்களுக்குக் காத்திருக்கும் சிக்கல்கள் அனைத்தும் இங்கே இருக்கின்றன: கறுத்த மரம், தாழ்ந்த கூரை, ஓரத்திலிருந்து மட்டும் வரும் வெளிச்சம், கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை. பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் செதுக்கிய பூக்களை ஃப்ளாஷ் இல்லாமல், ட்ரைபாட் இல்லாமல், தூணில் சாய்ந்து நின்று எடுத்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ (ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் 1/60 நொடி, லென்ஸ் துளை எஃப் 2.8 என்று ஆரம்பியுங்கள். சன்னல் வெளிச்சத்தைக் காப்பாற்றினால் மரம் கரியாகும், மரத்தைக் காப்பாற்றினால் சன்னல் வெளுத்துப்போகும். இரண்டில் எதை விடுவது என்று அங்கேயே முடிவெடுக்கப் பழகிவிட்டால் நாராவில் தடுமாற மாட்டீர்கள்.

இனி, கேமராவைப் பையில் வைக்க வேண்டிய இடங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே கால் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. பொதுவாக ஜப்பானின் சொந்த மதமான ஷின்தோவின் ஆலயத்துக்கு டோரி என்ற வாயில் இருக்கும். பௌத்தக் கோயிலுக்குக் கூரை வேய்ந்த பெரிய வாசல் இருக்கும். வெளிப்பிராகாரத்தில் படமெடுக்கப் பெரும்பாலும் தடையில்லை. உள்ளே மூலவர் இருக்கும் மண்டபத்தில் பெரும்பாலும் தடை. சுசீந்திரத்தில் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்து, கேமராவை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகிற நமக்கு இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கியோட்டோவின் சன்ஜூசன்கென்தோவில் அவலோகிதேஸ்வரரின் வடிவான கண்ணோன் சிலைகள் 1001 இருக்கின்றன, ஏறக்குறைய 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மண்டபத்தில். படம் எடுக்க அனுமதி கிடையாது. கை துறுதுறுக்கும், அடக்கிக்கொண்டு ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு நடந்து போங்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் அஞ்சலட்டை நம்மால் எடுக்க முடிகிற படத்தைவிட நன்றாகத்தான் இருக்கும்.

தடைப் பலகையில் "சாட்சுவே கின்ஷி" என்று எழுதியிருப்பார்கள். கேமராவின் மேல் கோடு போட்ட படமும் இருக்கும். சந்தேகம் வந்தால் "ஷாஷின் ஓ தொத்தெமோ ஈ தெசு கா" என்று கேளுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். பதிலுக்கு நெஞ்சுக்கு முன்னால் இரு கைகளையும் பெருக்கல் குறிபோல் வைத்துக் காட்டினால் பேச்சு முடிந்தது. ட்ரைபாட் பல கோயில்களில் ஆகாது, கின்காகுஜியில் அறவே ஆகாது. ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். 100 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள ட்ரோனை அங்கே பதிவு செய்யாமல் பறக்கவிட முடியாது; கோயில்காரர்கள் அதற்கும் மேலே கண்டிப்பானவர்கள்.

இன்னொன்று. ஷின்தோ ஆலயத்துக்குப் போகும் பாதையின் நடுப்பகுதி தெய்வத்துக்கு உரியது என்பது அவர்கள் நம்பிக்கை. "நடுவில் நிற்காதீர்கள் அப்பா, அது சாமி வருகிற வழி" என்பதுதான் மகள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். படக்காரனுக்கு நடுக்கோடு என்றால் கொள்ளை ஆசை. ஆனால் இருபக்கமும் சரிபாதியாக விழும் அந்தப் படம் ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது. ஓரமாக நின்று எடுங்கள், கல்விளக்கு ஒன்று முன்னால் பெரிதாக நிற்க, வாயில் சற்றுத் தள்ளிச் சரிந்து தெரியும். படத்துக்கு ஆழம் வரும், வருகிறவர்களுக்கும் வழி கிடைக்கும்.

ஃபுஷிமி இனாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள், எல்லோரும் ஒரே படத்தோடு திரும்புகிறார்கள். இனாரி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே கோயில் வாசல். ஆயிரக்கணக்கான செந்தூர நிற டோரிகள் 233 மீட்டர் உயரமுள்ள மலை மேல் வரை வரிசையாக நிற்கின்றன. அடிவாரத்தில் நெருக்கமாக நிற்கும் இரட்டைப் பாதையில் காலை எட்டு மணிக்குப் பிறகு தலைகளைத்தான் எடுக்க முடியும். கால் வலிக்கிறதே என்று பார்க்காமல் யோத்சுத்சுஜி என்ற நாற்சந்தி வரை ஏறுங்கள். அங்கிருந்து கியோட்டோ நகரம் தெரியும். பெரும்பாலோர் அதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அதற்கு மேலே பாதை உங்களுடையது.

ஏறும்போது பார்த்தால் தூண்கள் வெறும் செந்தூரமாக இருக்கும். திரும்பிப் பாருங்கள்: ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் நன்கொடை கொடுத்தவரின் பெயரும் தேதியும் கறுப்பு எழுத்தில் மேலிருந்து கீழாக இறங்கும். நம் ஊரில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதும் இதுவும் ஒரே புத்திதான், அவர்கள் எழுத்து அழகாக இருக்கிறது என்பதைத் தவிர. எனவே எழுத்து வேண்டுமென்றால் இறங்கும்போது எடுங்கள், வேண்டாமென்றால் ஏறும்போது. தூண்கள் மரம்தானே, அடியில் உளுத்துப்போகும். புதிதாகப் பூசியதும் வெளுத்து உரிந்ததும் அடுத்தடுத்து நிற்கும். குனிந்து, கறுப்புப் பூசிய அந்த அடிப்பகுதியையும் பாசி பிடித்த கல்லையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். எனக்குப் பிடித்த படங்கள் முழங்காலுக்குக் கீழேதான் கிடைத்தன.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. அரக்குச் சிவப்புப் பட்டு உடுத்திய மணப்பெண்ணை எடுத்தவர்களுக்கு இது தெரியும்: வெளிச்சம் சரியாக இருப்பதாகக் கேமரா சொல்லும், ஆனால் சிவப்பு மட்டும் மடிப்புத் தெரியாமல் அப்பிக்கொள்ளும். டோரியிலும் அதேதான். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் மொத்த வெளிச்சத்தைப் பார்க்காமல் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்து, கேமரா திருத்தாத ரா கோப்பாக எடுங்கள். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் செந்தூரத்தை அது பழுப்பாக்கிவிடும். வெயில் அல்லது நிழல் என்று நிலையாக வைத்துவிடுங்கள். தூண்களுக்கு நடுவே நிற்பவரின் முகத்திலும் அந்த நிறம் அடிக்கும். குடும்பப் படம் வேண்டுமென்றால் வரிசை விட்டுப்போன இடத்தில் நிறுத்தி எடுங்கள்.

கின்காகுஜியில் வழி ஒன்றுதான், திரும்பி வர முடியாது. குளத்துக்கு எதிரே முதலில் வரும் இடத்திலேயே எல்லோரும் நிற்பார்கள். பொன்தகடு வெளுத்துவிடாதபடி அதற்கு அளவு வைத்து எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இப்போது நிற்பது 1950இல் தீக்கிரையானதற்குப் பிறகு 1955இல் எழுப்பிய கட்டடம். உண்மையைச் சொன்னால் எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை.

நாராவின் தோதாய்ஜி வேறு. பெரிய புத்தர் இருக்கும் மண்டபத்துக்குள் படம் எடுக்க அனுமதி உண்டு. சிலை ஏறக்குறைய 15 மீட்டர் உயரம், கி.பி. 752இல் கண் திறந்தது. பத்மநாபபுரத்தில் பழகியது இங்கேதான் உதவும். முழுச் சிலையையும் சட்டகத்துக்குள் அடைக்க அகல லென்ஸைத் தேடாதீர்கள். உயர்த்திய வலது கையை மட்டும் எடுங்கள், கீழே நிற்கும் மனிதர்கள் விரல் அளவில் தெரியட்டும். வெளியே மான்கள் திரியும். கையில் இருக்கும் தாளைத் தின்றுவிடும், கேமரா வாரையும் விடாது.

இசே என்ற பெரிய ஷின்தோ ஆலயத்தில், உள் ஆலயத்தின் படிக்கட்டுக்குக் கீழே நின்றுதான் படம் எடுக்கலாம், படி ஏறினால் கூடாது. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் கோயிலைப் புதிதாகக் கட்டித் தெய்வத்தை மாற்றுகிறார்கள். கடைசியாக 2013இல், அடுத்தது 2033இல். கூரை புல் வேய்ந்தது. நாகர்கோவில் நாகராஜா கோயிலில் ஓலை வேய்ந்த கருவறையைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூரை அந்நியமாகத் தோன்றாது. டிசம்பர் கடைசியில் போகிறவர்கள் விடியலில் உஜி பாலத்துக்குப் போங்கள். அந்த நாட்களில் பாலத்து டோரிக்கு நடுவே சூரியன் எழும்.

ஹிரோஷிமா அருகே மியாஜிமா தீவில் கடலுக்குள் நிற்கும் டோரிக்குக் கடல்மட்ட அட்டவணை பார்க்காமல் போகாதீர்கள். குமரிக் கரையில் ஏற்றவற்றம் பெரிதாகத் தெரியாது, அங்கே கடல் ஊர் விட்டு ஊர் போகும். அட்டவணையில் 250 செ.மீ.க்கு மேல் இருந்தால் வாயில் மிதப்பதுபோல் தெரியும், 100 செ.மீ.க்குக் கீழே என்றால் அடிவரை நடந்தே போகலாம். ஏறக்குறைய 16 மீட்டர் உயரமுள்ள அது கடல்தரையில் புதைக்கப்படாமல் தன் எடையாலேயே நிற்கிறது. அந்தப் பருத்த தூண்களை அருகில் எடுக்க வற்றும் நேரம்தான் வேண்டும். முடிந்தால் ஒரே நாளில் இரண்டையும் பாருங்கள்.

மனிதர்களைப் பற்றி ஒரு தொழில்காரனாகச் சொல்கிறேன். தோக்கியோவின் மெய்ஜி ஆலயத்தில் வார இறுதியில் கல்யாண ஊர்வலம் வரும்: குருமார் முன்னால், வெள்ளை உடுத்திய மணப்பெண் சிவப்புக் குடையின் கீழ். எடுங்கள், ஆனால் ஓரத்தில் நின்று. முன்னால் ஓடிப் பாய்ந்து அவர்கள் அமர்த்திய படக்காரரின் சட்டகத்தில் விழாதீர்கள். எங்கள் பிழைப்பில் அதைவிட எரிச்சலூட்டுவது எதுவும் இல்லை. கண்மூடிக் கும்பிடுகிறவர்களின் முகத்துக்கு நேராகக் கேமரா நீட்ட வேண்டாம். முதுகும் கூப்பிய கையும் போதும். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகையே இருக்கிறது.

பையில் ஒரு கேமரா, ஒரு 24-70 லென்ஸ், இருட்டுக்கு ஒரு 35 எம்.எம்., போலரைசர் ஃபில்டர் போதும். ஈரப் பாசியிலும் குளத்திலும் வரும் பளபளப்பை ஃபில்டர் குறைக்கும். ஜூனில் அங்கேயும் மழைக்காலம். இரண்டு பருவமழையும் பார்க்கிற நமக்கு உறையும் துடைக்கும் துணியும் சொல்லித் தர வேண்டியதில்லை. கயிறு கட்டாத, சட்டென்று கழற்றும் செருப்பும் கிழியாத காலுறையும் கட்டாயம், குளிர்காலத்தில் மரத்தரை பாதத்தைக் கடிக்கும். அங்கே மின்சாரம் 100 வோல்ட், பிளக் இரண்டு தட்டைக் கால் கொண்டது. நம் சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் மாற்றுப் பிளக் மட்டும் போதும். நாகர்கோவிலில் சல்லிசாகக் கிடைப்பதை ஓசாகாவில் போய்த் தேடாதீர்கள்.