தீர்ப்பு வந்தது, வீடு வரவில்லை: சட்டத்தின் ஆட்சிக்காக உழைக்கும் அமைப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1999 மே மாதம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் அருகே வாலசிடீன் என்ற இடத்தில், தனியார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களைப் புல்டோசர் வைத்து அப்புறப்படுத்தினார்கள். பெரியவர்கள் 390 பேர், குழந்தைகள் 510 பேர். பக்கத்திலிருந்த விளையாட்டு மைதானத்தில் பிளாஸ்டிக் தாளைக் கூரையாகக் கட்டிக்கொண்டு தங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஐரீன் குரூட்பூம் பெயரில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களுக்கு உடனடி உதவி எதையும் வைத்திராத வீட்டுவசதித் திட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2000 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. பல நாட்டுச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. 2008-இல் ஐரீன் குரூட்பூம் இறந்தபோதும் குடிசையில்தான் இருந்தார்.

சட்டத்தின் ஆட்சிக்காக, அதாவது அரசு உட்பட எல்லோரும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதற்காக, வேலை செய்யும் குடிமைச் சமூக அமைப்புகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் இந்த வழக்குதான் நினைவுக்கு வருகிறது. இந்த அமைப்புகள் இல்லாவிட்டால் உலகில் எத்தனையோ அநியாயங்கள் வெளியே தெரிந்தே இருக்காது. அதனால்தான் அவை செய்யும் தவறுகளைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: யாருடைய பிரச்சினைக்காக வேலை தொடங்கியதோ, அவர் நடுவழியில் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். தீர்ப்பு இருக்கும், அறிக்கை இருக்கும், பயிற்சி வகுப்பின் படமும் இருக்கும். அவர் மட்டும் இருக்க மாட்டார்.

தீர்ப்போடு வேலை முடிந்தது என்று நினைப்பது

குரூட்பூம் வழக்கில் நீதிமன்றம் உரிமை இன்னது என்று தெளிவாகச் சொன்னது. எந்தத் தேதிக்குள், எந்த அதிகாரி, என்ன செய்ய வேண்டும் என்று கெடு வைக்கவில்லை. அரசு மெதுவாக நகர்ந்தது.

அதே நாட்டில், அதே நீதிமன்றத்தில், 2002 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு வந்தது. கர்ப்பிணித் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை, மாகாணத்துக்கு இரண்டு என்று தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டுமே அரசு கொடுத்துவந்தது. ட்ரீட்மென்ட் ஆக்ஷன் கேம்பெய்ன் என்ற அமைப்பு வழக்குப் போட்டு அந்தத் தடையை உடைத்தது. அந்த அமைப்பின் உறுப்பினர்களில் பலர் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைத் தாங்களே படித்து, மருத்துவமனை வாசலில் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர்கள். தீர்ப்பு வந்த பிறகு மருந்து கிடைக்கிறதா இல்லையா என்பது அவர்களுக்கு அன்றன்றைக்கே தெரிந்தது. ஒரு மாகாணம் இழுத்தடித்தபோது நீதிமன்ற அவமதிப்பு மனுவோடு திரும்பவும் போனார்கள்.

வழக்குப் போடும் முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். தீர்ப்பில் கெடு கேட்கிறோமா? அமலாவதை யார் நேரில் போய்ப் பார்ப்பார்கள்? அதற்கு இரண்டு, மூன்று வருடத்துக்குக் கையில் பணம் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. வழக்குச் செலவுக்கு நன்கொடை கிடைக்கும். தீர்ப்புக்குப் பிறகு அலுவலகம் அலுவலகமாக அலையும் செலவுக்குக் கிடைக்காது. முதல் விண்ணப்பத்திலேயே அந்தச் செலவையும் எழுதிவிட வேண்டும்.

பயிற்சி பெற்ற தலைகளை எண்ணுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இத்தனை நீதிபதிகளுக்கு, இத்தனை காவலர்களுக்குப் பயிற்சி அளித்தோம்' என்ற வரி இல்லாத ஆண்டறிக்கையை நான் பார்த்ததில்லை. அந்தப் பயிற்சிக்குப் பிறகு காவல் நிலையத்தில் புகார் வாங்கும் விதம் மாறியதா என்ற வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உலக நீதித் திட்டம் என்ற அமைப்பு 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, நீதி ஏதோ ஒரு வகையில் எட்டாமல் இருப்பவர்கள் உலகில் 510 கோடிப் பேர். இவர்களில் பெரும்பாலோருக்கு நீதிமன்றம் என்பது தூரத்துக் கட்டடம். நிலப் பட்டா, கூலி பாக்கி, அடையாள அட்டை, ஜீவனாம்சம் என்று அவர்களுடைய சிக்கல்கள் கீழ்மட்டத்திலேயே நிற்கின்றன.

மலாவியில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு முயற்சி எனக்கு மிகவும் பிடிக்கும். வக்கீல் அல்லாத, ஆனால் சட்டப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் சிறைக்குள்ளே போய் விசாரணைக் கைதிகளோடு நாடகம் போடுவார்கள். ஒரு கைதி மாஜிஸ்திரேட்டாக உட்காருவார், இன்னொருவர் அரசுத் தரப்பு, மூன்றாமவர் கூண்டில் நின்று ஜாமீன் கேட்பார். அவர் தடுமாறினால் சுற்றி நிற்பவர்கள் திருத்துவார்கள். வக்கீல் வைக்க வழியில்லாத மனிதர், அடுத்த வாய்தாவில் தனக்காகத் தானே எழுந்து பேசுவதற்கான ஒத்திகை அது. சியெரா லியோனில் உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தில் நாடு முழுவதற்கும் நூறு வக்கீல்கள் அளவில்தான் இருந்தார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் தலைநகர் ஃப்ரீடவுனில். அங்கே 2003-இல் தொடங்கிய டிமாப் என்ற அமைப்பும் இப்படிப்பட்ட பணியாளர்களைத்தான் கிராமங்களில் வைத்தது. ஊர்த் தலைவர்கள் மரபுப்படி நியாயம் தீர்க்கும் முறையை ஒதுக்காமல் அதற்குள்ளேயே நியாயம் கேட்டது. வெளிநாட்டுச் சட்டப் புத்தகத்தை அப்படியே கொண்டுவந்து இறக்கும் அமைப்புகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆவணப்படுத்துவதில் அவசரம்

நான் அதிகம் கவலைப்படுவது இந்தத் தவறைப் பற்றித்தான். இங்கே நேரும் சேதத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது.

1990 அக்டோபரில், ஈராக் ஆக்கிரமித்திருந்த குவைத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட 15 வயதுப் பெண் ஒருவர், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் அழுதபடி சாட்சி சொன்னார். ஈராக்கிய வீரர்கள் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டார்கள் என்றார். மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி இன்டர்நேஷனலும் அந்த டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படி இறந்ததாக எழுதியது. வளைகுடாப் போர் முடிந்து நேரில் போய் விசாரித்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 1991 ஏப்ரலில் அம்னஸ்டி அந்தத் தகவலைத் திரும்பப் பெற்றது. சாட்சி சொன்ன பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது அதற்கும் பிறகுதான் வெளியே வந்தது. குவைத்தில் நிஜமான கொடுமைகள் நடந்தன. அவற்றைச் சொன்னவர்களையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலையை இந்த ஒரு பிழை உண்டாக்கியது. பிழையை ஒப்புக்கொண்டதில் அம்னஸ்டி சரியாக நடந்துகொண்டது. ஆனால் அதற்குள் போர் நடந்து முடிந்திருந்தது.

இதற்கு நேர் எதிரான பழக்கத்தை சோவியத் நாட்டில் 1968-இல் தொடங்கிய 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' என்ற ரகசிய இதழில் பார்க்கலாம். கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து கைக்குக் கை மாறிய இதழ். யாரை எந்தத் தேதியில் எந்தச் சட்டப் பிரிவில் கைது செய்தார்கள் என்பதை ஆத்திரச் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதினார்கள். முந்தைய இதழில் பிழை இருந்தால் அடுத்த இதழில் திருத்தம் போட்டார்கள். செய்தி அனுப்ப விரும்புகிறவர், தனக்கு இதழைக் கொடுத்தவரிடமே சொன்னால் போதும், அவர் தனக்குக் கொடுத்தவரிடம் சொல்வார், சங்கிலி முழுவதையும் யாரும் தேடிப் போகக் கூடாது என்று வாசகர்களுக்கு அறிவுரையும் இருந்தது. செய்தி சரியாக இருப்பதும் சொன்னவர் பத்திரமாக இருப்பதும் அவர்களுக்கு வேறு வேறு வேலைகள் அல்ல.

இன்று நடக்கும் சேதம் வேறு மாதிரி. வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணிடம் முதலில் ஓர் அமைப்பு வாக்குமூலம் வாங்கும். அடுத்த வாரம் இன்னொன்று வரும். அப்புறம் ஒரு பத்திரிகையாளர், கடைசியாகப் போலீஸ். ஒவ்வொரு முறையும் அவர் அந்த இரவுக்குள் மறுபடி போய்வர வேண்டும். ஒவ்வொரு முறையும் கேள்வி மாறும், எழுதுகிறவரின் நடை மாறும். முதல் தாளில் 'இரவு பத்து மணி', மூன்றாவது தாளில் 'நள்ளிரவு'. வருடங்கள் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பொய் என்று அவரையே கேட்பார். உதவப் போனவர்கள் எழுதிய தாள்தான் அது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகமும், குற்ற வழக்குகளில் நாடுகளை ஒத்துழைக்க வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோஜஸ்ட் அமைப்பும் 2022 செப்டம்பரில் குடிமைச் சமூக அமைப்புகளுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதன் சாரம்: தீங்கு செய்யாதே. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் எதுவும் வேண்டாம். விரிவான வாக்குமூலத்தைக் கூடுமானவரை விசாரணை அதிகாரிகளுக்கு விட்டுவிடுங்கள். யார், எங்கே இருக்கிறார், எப்படித் தொடர்புகொள்வது, என்ன உதவி வேண்டும் என்பதை மட்டும் குறித்துக்கொண்டாலே பல நேரங்களில் போதும்.

போன் படம் எடுப்பவர்களுக்கும் ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், எடுத்த நேரமும் இடமும் அடங்கிய உள்விவரம் அழிந்துவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும்.

பொறுமையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு சாட் நாட்டு சுலைமான் கெங்கெங் சாட்சி. கணக்காளர். சர்வாதிகாரி ஹிஸ்ஸேன் ஹப்ரேயின் சிறையில் கிடந்து உயிர் தப்பியவர். 1990-இல் ஹப்ரே வீழ்ந்ததும், பிழைத்தவர்களைத் தேடிப் போய் 792 பேரின் சாட்சியங்களைச் சேகரித்தார். அரசு மாறினாலும் பழைய ஆட்கள் பதவியில் இருந்ததால், அந்தத் தாள்களை மறைத்தே வைத்திருந்தார். 2000-இல் அவை, ஹப்ரே தப்பியோடித் தங்கியிருந்த செனகலில் தொடுத்த வழக்குக்கு அடிப்படையாயின. 2016 மே 30 அன்று செனகலின் டக்கார் நகரில் ஹப்ரேவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

கணக்கில் ஓட்டை விடுவது

பெலாரஸில் வியாஸ்னா என்ற மனித உரிமை அமைப்பின் பதிவை 2003-இல் அரசு ரத்து செய்தது. அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு வைக்க வழியில்லை. அதன் தலைவர் அலெஸ் பியாலியாட்ஸ்கி லிதுவேனியாவிலும் போலந்திலும் தன் பெயரில் கணக்கு வைத்துப் பணம் பெற்றார். 2011-இல் பெலாரஸ் அரசு கேட்டதும் அந்த இரு நாடுகளும் விவரத்தைக் கொடுத்துவிட்டன. வரி ஏய்ப்பு என்று நாலரை ஆண்டுச் சிறை. பின்னர் நோபல் அமைதிப் பரிசு பெற்ற அவரை நான் குறை சொல்லவில்லை. வேறு வழி இல்லாமல் போட்ட ஏற்பாடு அது. ஆனால் அரசு முதலில் கைவைக்கும் இடம் கணக்குப் புத்தகம் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட என்ன வேண்டும்? ரஷ்யாவின் மெமோரியல் என்ற மனித உரிமை அமைப்பை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கலைத்தபோது சொன்ன முக்கியக் காரணம், வெளிநாட்டுப் பணம் பெறும் அமைப்புகள் மீது சட்டம் சுமத்திய 'வெளிநாட்டு முகவர்' என்ற முத்திரையை வெளியீடுகளில் போடவில்லை என்பது. சட்டம் அநியாயமானதுதான். அதை எதிர்த்து நிற்பது என்று முடிவெடுத்தால் தெரிந்தே எடுக்க வேண்டும். கவனக்குறைவால் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பணம் யாருடையது என்பதும் முக்கியம். 1952-இல் தொடங்கிய, நீதிபதிகளும் வக்கீல்களும் சேர்ந்த மனித உரிமை அமைப்பான சர்வதேச நீதிவல்லுநர் ஆணையத்துக்கு ஆரம்ப காலத்தில் சி.ஐ.ஏ. பணம் மறைமுகமாக வந்தது 1967-இல் அம்பலமானது. ஆணையம் அதற்குப் பிறகும் நல்ல வேலை செய்தது, ஆனாலும் அந்தப் பழைய கதையை இன்றும் யாராவது எடுத்துப் பேசுகிறார்கள். நன்கொடையாளர் பட்டியலைக் கேட்கும் முன்பே வெளியிட்டுவிடுவது நல்லது.

கோப்பை மூடும் விதம்

நிதி முடிந்து அலுவலகத்தைக் காலி செய்யும்போது, நடப்பில் இருக்கும் வழக்குகள் என்ன ஆகும் என்று பல அமைப்புகள் யோசிப்பதே இல்லை. ஒரு நாள் அலுவலக எண்ணுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். உதவி தேடி வந்த ஒரு பெரியவரின் பட்டாவும் மனுவின் நகலும் எங்கோ ஓர் அலமாரியில் கிடக்கும். வேலை முடிவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, மூல ஆவணங்களை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி, இனிமேல் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தர வேண்டும். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்றால், வீட்டில் வாசிக்கத் தெரிந்தவரையும் கூடவே அழைத்துவரச் சொல்ல வேண்டும்.