மேசன் வேலை பழகுகிறவர்கள் தண்ணீரில் விடும் பிழைகள்

வேலை பழக வருகிற தம்பிமார் முதல் நாளே கலவைக் கணக்கைக் கேட்பார்கள். கொங்கிறீட்டுக்குச் சீமெந்து, மணல், சல்லி 1:2:4, கல்லுக் கட்டச் சீமெந்தும் மணலும் 1:5 அல்லது 1:6, இரண்டு நாளில் பாடமாகிவிடும். தண்ணீர்க் கணக்கை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வன்னியில் வெடித்து நிற்கிற சுவரை உடைத்துப் பார்த்தால் சீமெந்தைக் குறைத்ததைவிட தண்ணீரில் விட்ட பிழைதான் கூடுதலாகத் தெரியும்.

இதற்குக் காரணம் ஒரு தப்பான நினைப்பு. சீமெந்து காய்ந்து இறுகுகிறது என்று நினைக்கிறோம். அது காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அதற்குத் தேவையான தண்ணீர் கொஞ்சம்தான், மிச்சம் வெளியே போகும்போது போன இடமெல்லாம் ஓட்டையாகிவிடும். கொங்கிறீட்டில் 50 கிலோ சீமெந்துப் பைக்கற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 25 லீட்டர், அதாவது பத்து லீட்டர் வாளியால் இரண்டரை வாளி. மாரியில் மணலே நனைந்து கிடக்கும், அப்போது அதிலும் குறைக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? குழைக்கிறவனுக்குக் கை நோகிறது, இன்னும் அரை வாளி ஊற்றுகிறான், கலவை கஞ்சி மாதிரி ஓடுகிறது, மேசனும் லேசாகக் கொட்டலாம் என்று பேசாமல் இருந்துவிடுகிறார். சாந்தும் அப்படித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் குழைத்து இறுகிப்போனதைத் திரும்பவும் தண்ணீர் விட்டுக் கிளறிக் கட்டினால் அந்த வரி கல்லைப் பிடிக்காது. ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற அளவுக்கு மட்டும் குழையுங்கள்.

கட்டி முடித்த பிறகு இதே ஆட்கள் தண்ணீரைக் கண்ணிலும் காட்டமாட்டார்கள்! ஆடி ஆவணி வெயிலில், சோளகக் காற்றில், காலையில் போட்ட லின்ரல், அதாவது கதவு யன்னலுக்கு மேலே வருகிற கொங்கிறீட்டு வளை, பின்னேரமே வெளுத்துவிடும். குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். லின்ரலுக்கும் தூணுக்கும் சாக்கைச் சுற்றி நனையுங்கள், கொங்கிறீட்டுத் தட்டுக்கு வயலுக்குக் கட்டுகிற மாதிரி சாந்தால் வரம்பு கட்டித் தண்ணீரை நிறுத்துங்கள். கோடையில் கிணறு வற்றி பவுசருக்குக் காத்திருக்கிற ஊர் என்றால் அந்தத் தண்ணீர்ச் செலவையும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம்.

கடற்கரைப் பக்கம், முல்லைத்தீவு மாதிரி இடங்களில், எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். உப்புத் தண்ணீரும் கடல் மணலும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வீங்கி கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கம்பி அச்சுப் பலகையில் முட்டிக்கொண்டு கிடந்தால் இன்னும் கெதியாக நடக்கும், சாந்தில் ஓர் அங்குலக் கட்டைகள் வார்த்து அடியில் வையுங்கள்.

அத்திவாரத்துக்கு வருவோம். நிலையம் எடுக்கும்போது, அதாவது நிலத்தில் வீட்டின் கோட்டைப் போடும்போது, மூலை செங்கோணமாக வர 3, 4, 5 அடி பிடித்து, பிறகு இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று அளந்து பார்த்தால் சரி. நான் அதிகம் பயப்படுவது கிடங்குக்கு அடியில் இருப்பதற்குத்தான். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் யன்னல் மூலையிலிருந்து சரிவாக வெடிப்பு ஓடியது, பூசினோம், திரும்பவும் வந்தது. மூன்றாம் தடவை போனபோதுதான் வீட்டுக்கார அம்மா, "தம்பி, உதிலதான் எங்கட பங்கர் இருந்தது" என்றார், சண்டைக் காலத்துப் பதுங்குகுழி. தளர்ந்த மண்ணுக்குள் மாரித் தண்ணீர் இறங்க, சுவரும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. ஆகவே வெட்டுவதற்கு முன் கேளுங்கள், வெட்டிய பிறகு அலவாங்கால் நெடுகக் குத்திப் பாருங்கள். சும்மா இறங்கினால் இறுகிய மண் வரும்வரை தோண்டி எடுக்க வேண்டியதுதான், மேலே மண்ணைப் போட்டு மிதித்தால் காணாது. வெட்டும்போது சந்தேகமான இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் வெளியே வந்து அறிவியுங்கள். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் களி வேறு மாதிரி, மழைக்கு ஊதும், கோடைக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அங்கே ஆழமில்லாத அத்திவாரம் வருடம் ஒருமுறை ஏறி இறங்கும்.

கீழிருந்து ஏறுகிற ஈரத்தை மறிக்க டிபிசி என்கிற ஈரத்தடுப்புப் படை இருக்கிறது. சுவருக்குக் கீழே முழு அகலத்துக்கும் 1:2 சாந்து, அது இறுகியதும் தார். இதை ஒழுங்காகச் செய்தும் பிழைக்கிறவர்கள் உண்டு. பூச்சை டிபிசிக்கு மேலால் நிலம்வரை ஒரே இழுவையாக இழுப்பார்கள், ஈரம் அந்தப் பூச்சுக்குள்ளாலேயே ஏறிவிடும். அல்லது வீடு குடிபுகுந்த பிறகு வீட்டுக்காரரே முற்றத்துக்குக் கிரவல் பறித்து, டிபிசியை மூடி, அடுத்த தைக்குள் பெயின்ற் உரிகிறது என்று மேசனைத் தேடி வருவார். முற்றம் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று சுவரில் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.