கிட்டார் சிந்த் போர்டில் ‘ஙீ’ இரைச்சல் போன விதம்

கிட்டார் சிந்த் என்பது கம்பியின் சுரத்தைப் பிடித்து சிந்தசைசர் ஒலியாக மாற்றும் கருவி. அதோடு என் போர்டில் இரண்டு பெடல்கள்: எதிரொலி தரும் டிலே டிஜிட்டல், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் அனலாக். இரண்டையும் ஒரே 9 வோல்ட் அடாப்டரில் டெய்ஸி செயின் (ஒரே வயரிலிருந்து கிளை பிரித்து மின்சாரம் தருவது) போட்டதுதான் தப்பு. டிஜிட்டல் பெடலின் கிளாக் இரைச்சல் பொது கிரவுண்ட் வழியாக ஓவர்டிரைவில் நுழைந்து பெருகுகிறது. ஓவர்டிரைவுக்கு மட்டும் பேட்டரி போட்டுப் பார்த்தேன், நின்றுவிட்டது. அப்புறமென்ன, ஐசொலேட்டட் அவுட்புட் (ஒன்றோடொன்று கிரவுண்ட் சேராத தனித்தனி இணைப்புகள்) உள்ள சப்ளை வாங்கினேன்: டிலேவுக்கு 300 மில்லி ஆம்பியர், ஓவர்டிரைவுக்கு 100 தாராளம்.

பி.ஏ.வில் (மேடை ஒலிபெருக்கி அமைப்பு) மிஞ்சிய 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ வேறு நோய்: கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் இரண்டு வழியாக இணைந்து வளையமாவது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டி.ஐ. பாக்ஸில் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட், அதாவது சிக்னல் கேபிளின் கிரவுண்டைத் துண்டிக்கும் ஸ்விட்சைத் தட்டியதும் அடங்கியது. பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

சிந்த் சுரம் தடுமாறினால், கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு கம்பிக்கும் 13 பின் பிக்கப்புக்கும் (ஒவ்வொரு கம்பியையும் தனியாக சிந்துக்கு அனுப்புவது) சுமார் 1 மி.மீ. இடைவெளி வையுங்கள். தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். சுரத்தை அறிய சிந்துக்கு ஒரு அதிர்வாவது வேண்டும்; அதற்கே 12 மில்லி செகண்ட் ஆகும், தாமதம் தவிர்க்க முடியாது. அதனால் பேஸ் வரிகளை மெல்லிய கம்பியில் வாசித்து, பேட்ச்சில் (சிந்தின் ஒலி அமைப்பு) ஆக்டேவ் இறக்கிக்கொள்கிறேன்.