சியாம் துலிப் ஐப்பசில காஞ்சா தூக்கிப் போட்டுடாதீங்க

ஆடி மாசம் நர்சரிக்குப் போனா தாமரை மொட்டு மாதிரி பிங்க் கலர்ல ஒரு பூ நீளக் காம்புல நிக்கும், சியாம் துலிப்னு சொல்லிக் குடுப்பாங்க. துலிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க, இது நம்ம மஞ்சளுக்குப் பங்காளி, இஞ்சிக் குடும்பம். சொந்த ஊரு தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா பக்கம், தாய்லாந்துல சையபூம் மாகாணத்துல பா ஹின் ங்காம் தேசியப் பூங்கான்னு ஒண்ணு இருக்கு, அங்க மழை பிடிச்சதும் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் புல்வெளியில தானாவே பூத்து நிக்கும். நாம இதழ்னு நெனைக்கிற அந்த பிங்க் எல்லாம் இதழே இல்ல, இலை மாதிரி மடல்தான், நிஜப் பூ கீழ இருக்க பச்சை மடலுக்குள்ள ஊதாக் கலர்ல குட்டியா எட்டிப் பாக்கும். அதனாலதான் ஒரு பூ வாரக்கணக்கா வாடாம நிக்குது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஐப்பசி பொறந்து பகல் நல்லா குறைஞ்சதும் இலை மஞ்சளாகி ஒண்ணொண்ணா சாயும். உடனே நாம என்ன பண்றோம், தண்ணி பத்தலையோன்னு இன்னும் ரெண்டு மக் ஊத்துறோம், உரம் வைக்கிறோம், அப்படியும் காஞ்சா செடி போச்சுன்னு தூக்கிப் போட்டுடறோம். என் முதல் செடிய நானும் அப்படித்தான் தொட்டியோட கொட்டினேன், உள்ள கிழங்கு கல்லு மாதிரி நல்லா இருந்துச்சுன்னு பின்னாடி புரிஞ்சப்ப மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. பொங்கலுக்கு மஞ்சக் கொத்து வாங்குறோம்ல, அப்புறம் வயல்ல மஞ்சள் இலை எல்லாம் காஞ்சு கிழங்கு வெட்டுவாங்க, அதே கதைதான் இங்கயும். செடி தூங்கப் போகுது.

இதுல தமிழ்நாட்டுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. தாய்லாந்தோட வடக்குல அக்டோபரோட மழை ஓய்ஞ்சிடும், கிழங்கு காஞ்ச மண்ணுல நிம்மதியா தூங்கும், நமக்கோ அப்பதான் வடகிழக்குப் பருவமழை கொட்ட ஆரம்பிக்கும். தூங்குற கிழங்கு தண்ணி குடிக்காது, ஈர மண்ணுல கெடந்தா அழுகிடும். அதனால இலை பாதிக்கு மேல மஞ்சளானதும் தண்ணிய நிறுத்திட்டு தொட்டிய மொட்டை மாடில இருந்து எடுத்து சாரல் படாத இடத்துல, மாடிப்படிக்குக் கீழயோ வராண்டா மூலைலயோ வெச்சிடுங்க. இலை முழுசா காஞ்ச பிறகு வெட்டுங்க, பச்சையா இருக்கும்போது வெட்டாதீங்க, அந்த இலைல இருக்க சத்து கிழங்குக்கு இறங்கணும். ஃப்ரிட்ஜ்ல எல்லாம் வைக்க வேணாம், நம்ம ஊரு ரூம் வெப்பமே போதும்.

மாசி பங்குனில தொட்டிய கவுத்துப் பாருங்க. கிழங்குக்குக் கீழ குட்டி குட்டியா உருண்டை தொங்கும், நோய்க்கட்டின்னு நெனச்சு கிள்ளிடாதீங்க, அதுதான் சாப்பாட்டு மூட்டை, அது எவ்ளோ இருக்கோ அவ்ளோ சீக்கிரம் முளைக்கும், பூவும் நல்லா வரும். 8 இன்ச் தொட்டிக்கு ரெண்டு மூணு கிழங்கு போதும், முளைக்கண் மேல பாக்குற மாதிரி 2 இன்ச் ஆழத்துல வைங்க. செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் சமமா போட்டு கொஞ்சம் ஆத்து மணல் சேத்துக்கோங்க, தண்ணி நிக்காம வடியணும், அதான் கணக்கு. முளை தெரியுற வரைக்கும் லேசா தெளிச்சா போதும். மூணு வாரமும் ஆகும், ஆறு வாரமும் ஆகும், தோண்டித் தோண்டிப் பாக்காதீங்க.

இலை விட்டதும் கதையே வேற, நல்லா தண்ணி கேக்கும், மண்ணு காயவே விடக்கூடாது. காலை வெயில் நாலு மணி நேரமாவது வேணும், ஹாலுக்குள்ள டிவி பக்கத்துல வெச்சா இலை மட்டும் நீளமா வரும் பூ வராது, ஜன்னலோரம் இல்லன்னா பால்கனிதான் சரி. 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் மூணு சத்தும் சமமா இருக்குறது) லிட்டருக்கு 1 கிராம் கலந்து 15 நாளுக்கு ஒருக்கா ஊத்துங்க, செப்டம்பரோட நிறுத்திடுங்க. உப்புத் தண்ணி போர் இருக்க வீட்டுல இலை நுனி கருகும், மழைத்தண்ணி பிடிச்சு வெச்சு ஊத்தினா நல்லது. இலைக்கு அடில செம்பேன்னு பொடிப் பொடியா சிவப்புப் பேன் வந்தா வேப்பெண்ணெய் 5 மில்லி, ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணி, சாயங்காலமா அடிங்க.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் இரக்கம் பாக்காதீங்க. ஆவணி மாசம், மண்ணுல ஈரம் இருக்கு, செடி பச்சையாவே திடீர்னு தொங்குதுன்னா தண்ட வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணில நிறுத்துங்க, வெட்டின இடத்துல இருந்து பால் மாதிரி வெள்ளையா நூல் இறங்குச்சுன்னா பாக்டீரியா வாடல். அந்தச் செடியையும் மண்ணையும் பையில கட்டி வெளிய அனுப்பிடுங்க, உரக்குழிக்குப் போகக்கூடாது, தக்காளி கத்தரித் தொட்டிக்கும் அந்த மண்ணு வேணாம், அதுங்களையும் அதே நோய் பிடிக்கும். வெட்டின கத்தியையும் நல்லா கழுவி டெட்டால்ல தொடச்சிட்டு அப்புறம் அடுத்த செடியத் தொடுங்க.